டவரிடம் யார் வேண்டுமானாலும் கட்டளை போடலாமா? 2016இல் சிக்கிய மூன்று 'பக்'குகள் இன்றும் ஏன் முக்கியம்

"உங்கள் வெகுமதிப் புள்ளிகள் இன்றோடு காலாவதியாகின்றன. உடனே இந்த இணைப்பைத் தட்டுங்கள்."

இப்படி ஒரு எஸ்எம்எஸ் உங்களுக்கும் வந்திருக்கலாம். அனுப்பியவர் இடத்தில் உங்க தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பெயரே இருக்கும். நேற்று வந்த உண்மையான பில் செய்திக்குக் கீழேயே, அதே வரிசையில், இதுவும் வந்து உட்கார்ந்திருக்கும். நம்பாமல் என்ன செய்வது?

ஆனா அந்தச் செய்தி உங்க நிறுவனத்தின் நெட்வொர்க் வழியாக வராமலேயே இருந்திருக்கலாம். பக்கத்தில் மெதுவாகப் போன ஒரு காரிலிருந்து வந்திருக்கலாம். அந்தக் காருக்குள் இருப்பது ஒரு போலி டவர்.

மலேசியாவில் 2023 மே முதல், இணைப்பு உள்ள எஸ்எம்எஸ்களைத் தடுக்கும் நடவடிக்கை கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வந்தது. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சியின் உத்தரவு அது. நல்ல நடவடிக்கைதான். ஆனால் அந்த வடிகட்டி இருப்பது நிறுவனத்தின் நெட்வொர்க்கில். காரிலிருந்து நேராக உங்க கைப்பேசிக்கு வரும் செய்தி அந்த வழியே போவதே இல்லை. பிறகு வடிகட்டி எதைத் தடுக்கும்?

இது எப்படிச் சாத்தியமாகிறது? அதைப் புரிந்துகொள்ள டவருக்குள் ஓடும் மென்பொருளைக் கொஞ்சம் திறந்து பார்க்க வேண்டும். அதற்கு வசதியாக, உலகமே படிக்கக்கூடிய ஓப்பன் சோர்ஸ் டவர் மென்பொருளில் 2016இல் பிடிபட்ட மூன்று 'பக்'குகள் இருக்கின்றன.

டவருக்குள் என்னதான் இருக்கு?

நாம் 'டவர்' என்று சொல்வது பெரும்பாலும் இரும்புக் கம்பத்தை. உண்மையில் வேலை செய்வது அதோடு இணைந்த பேஸ் ஸ்டேஷன் என்ற கருவி. எளிமையாகச் சொன்னால் அதில் இரண்டு பாகம்.

ஒன்று, வானொலி அலையை அனுப்பி வாங்கும் டிரான்ஸீவர். இதை வாயும் காதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, எந்த அலைவரிசையில் பேசுவது, எவ்வளவு சக்தியில் பேசுவது, எந்தக் கைப்பேசிக்கு எப்போது பதில் சொல்வது என்று முடிவு செய்யும் மூளை.

மூளை வாய்க்குக் கட்டளை அனுப்பிக்கொண்டே இருக்கும். 'இயங்கு', 'நிறுத்து', 'இந்த அலைவரிசைக்கு மாறு', 'சக்தியைக் குறை'. இந்தக் கட்டளைகள் போகும் பாதைதான் நம் கதையின் மையம்.

பல காலம் இந்தக் கருவிகளைச் சில பெரிய நிறுவனங்கள் மட்டுமே செய்தன. உள்ளே என்ன ஓடுகிறது என்று வெளியாட்களுக்குத் தெரியாது. 2007 வாக்கில் டேவிட் பர்ஜெஸ், ஹர்விந்த் சாம்ரா என்ற இரண்டு பொறியாளர்கள் அமெரிக்காவில் ஓபன்பிடிஎஸ் என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். ஒரு சாதாரண கணினி, அதோடு இணைக்கும் ஒரு ரேடியோ பெட்டி, இந்த மென்பொருள். இவ்வளவு இருந்தால் ஒரு சிறிய 2ஜி நெட்வொர்க் தயார்.

கிட்டத்தட்ட அதே காலத்தில் ஜெர்மனியில் ஹரால்ட் வெல்ட்டே உள்ளிட்ட சிலர் தொடங்கிய முயற்சி ஓஸ்மோகாம் என்ற திட்டமாக வளர்ந்தது. இன்றும் அது உயிர்ப்போடு இருக்கிறது.

இதெல்லாம் கணினிப் பைத்தியங்களின் பொழுதுபோக்குன்னு நினைக்க வேண்டாம். 2013இல் மெக்சிகோவின் ஒஹாகா மாநிலத்தில், பெரிய நிறுவனங்கள் எட்டிப் பார்க்காத தலேயா டி காஸ்ட்ரோ என்ற மலைக் கிராமம், இந்த மாதிரி மென்பொருளை வைத்தே தனக்கென்று ஒரு கைப்பேசிச் சேவையைத் தொடங்கியது. இந்தோனேசியாவின் பாப்புவா மலைப்பகுதியிலும் இதே போல் ஒரு கிராம நெட்வொர்க் ஓடியது. நம் நாட்டிலேயே 2020இல் சபாவின் பித்தாஸ் பகுதியில் ஒரு மாணவி இணையத்துக்காக மரத்தில் ஏறித் தேர்வு எழுதியது நினைவிருக்கும். குறைந்த செலவில் டவர் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது நமக்குப் புரியாததல்ல.

2016இல் பிடிபட்டது என்ன?

2016 ஆகஸ்ட்டில் ஸிம்பீரியம் என்ற கைப்பேசிப் பாதுகாப்பு நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஓபன்பிடிஎஸ், யேட்பிடிஎஸ், ஓஸ்மோகாமின் டிரான்ஸீவர் மென்பொருளான ஓஸ்மோடிஆர்எக்ஸ் ஆகியவற்றில் அப்போது புழக்கத்தில் இருந்த பதிப்புகளில் ஒரே மாதிரி ஓட்டைகள் இருப்பதாக அது சொன்னது. மொத்தம் மூன்று.

முதலாவது, கதவு தெருவைப் பார்த்து இருந்தது. மூளையும் வாயும் பெரும்பாலும் ஒரே கணினிக்குள்தான் இருக்கும். அவை தங்களுக்குள் மட்டும் பேசினால் போதும். ஆனால் டிரான்ஸீவர், கணினியின் எல்லா நெட்வொர்க் வாசல்களிலும் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கணினியைத் தொடக்கூடிய யாரும் அதோடு பேச முயலலாம்.

இரண்டாவது, கதவில் பூட்டு இல்லை. 5701 என்ற போர்ட்டுக்குச் சரியான வடிவத்தில் ஒரு கட்டளை வந்தால் போதும். 'நீ யார்?' என்ற கேள்வியே கிடையாது. கடவுச்சொல் இல்லை, கையொப்பம் இல்லை. 'பவர் ஆஃப்' என்று சொன்னால் அணைந்துவிடும். வேறு அலைவரிசைக்குப் போ என்றால் போய்விடும். ஒரு கிராமத்தின் ஒரே டவரை எங்கிருந்தோ ஒருவர் ஊமையாக்கலாம்.

மூன்றாவதுதான் பழைய, புகழ்பெற்ற தவறு: பஃபர் ஓவர்ஃப்ளோ. வரும் கட்டளையை வைக்க நிரலில் 100 பைட் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால் நெட்வொர்க்கிலிருந்து படிக்கும் பகுதியோ 1,500 பைட் வரை வாங்கத் தயாராக இருந்தது. 100 பேருக்கு இடமுள்ள ஃபெர்ரியில் 1,500 பேரை ஏறவிட்ட கதைதான். மிஞ்சிய பைட்கள், நிரல் 'அடுத்து எங்கே போக வேண்டும்' என்று குறித்து வைத்திருக்கும் இடத்தின் மேலேயே போய் விழும். சும்மா குப்பையை அனுப்பினால் டவர் செத்துப்போகும். யோசித்து அனுப்பினால், அனுப்பியவர் எழுதிய நிரலையே டவர் ஓட்டக்கூடும்.

மூன்று மென்பொருளில் எப்படி ஒரே பக்?

எளிய பதில்: மூன்றும் சொந்தக்காரர்கள்.

ஓபன்பிடிஎஸ்ஸின் டிரான்ஸீவர் பகுதியிலிருந்து பிரிந்து வளர்ந்ததுதான் ஓஸ்மோடிஆர்எக்ஸ். யேட்பிடிஎஸ்ஸும் அதே குடும்பத்திலிருந்து நிரலை எடுத்துக்கொண்டது. ஓப்பன் சோர்ஸின் பலமே இதுதான்: யாரோ எழுதியதை எடுத்து மேலே கட்டலாம். அதன் விலையும் இதுதான். தாத்தா வீட்டுச் சுவரில் இருந்த விரிசல் பேரன் வீடு வரை வரும்.

விரிசலை எழுதியவர்கள் திறமை இல்லாதவர்களும் அல்ல. 'இந்தக் கட்டளைப் பாதையில் என் மூளை மட்டும்தான் பேசும், அது ஒருபோதும் 100 பைட்டுக்கு மேல் அனுப்பாது' என்ற நினைப்பில் எழுதியிருந்தால், அந்த நிரல் சரியாகவே ஓடும். ஆய்வுக்கூட மேசையில் அந்த நினைப்பு உண்மையும்கூட. அதே நிரல் மலை உச்சிக்கும், இணையத்தோடு இணைந்த கணினிக்கும் போனபோது நினைப்பு பொய்யானது. நிரல் மாறவில்லை. சுற்றியிருந்த உலகம் மாறிவிட்டது.

சரி, எப்படிச் சரி செய்றது?

மூன்றுக்கும் மூன்று விதமான வைத்தியம். இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது.

பஃபர் ஓவர்ஃப்ளோவைச் சரி செய்வது மிக எளிது. 'ஒதுக்கிய இடத்துக்கு மேல் படிக்காதே' என்று படிக்கும் பகுதிக்குச் சொன்னால் போதும். ஒன்றிரண்டு வரி மாற்றம். அதிலும் ஒரு கண்ணி உண்டு. சி மொழியில் ஓர் எழுத்துச்சரம் முடிந்தது என்று காட்ட கடைசியில் ஒரு பைட் வேண்டும். 100 இடத்திலும் தரவை நிரப்பிவிட்டு 101ஆவது இடத்தில் முடிவுக்குறி போட்டால், பழைய பக்கை மூடி ஒரு குட்டி பக்கைத் திறந்த மாதிரி ஆகிவிடும். அதனால் 99தான் படிக்க வேண்டும். புரோகிராமிங் படிக்கும் தம்பி தங்கைகள் இதை எங்காவது குறித்து வையுங்கள்.

கதவைத் தெருவிலிருந்து திருப்புவதும் எளிது. எல்லா முகவரியிலும் கேட்காமல் 127.0.0.1 என்ற, கணினி தனக்குத் தானே பேசும் முகவரியில் மட்டும் கேட்கச் சொல்ல வேண்டும். இன்றைய ஓஸ்மோடிஆர்எக்ஸ்ஸின் மாதிரி அமைப்புக் கோப்புகளில் இதுதான் இருக்கிறது. அதோடு வெளியிலிருந்து 5701, 5702 போர்ட்களுக்கு வருவதை ஃபயர்வாலில் அடைத்துவிட வேண்டும்.

பூட்டு போடுவதுதான் கடினம். கட்டளை மொழியையே மாற்ற வேண்டும். மூளை எழுதுபவரும் வாய் எழுதுபவரும் ஒரே நாளில் ஒத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பழைய மூளையும் புது வாயும் ஒன்றோடொன்று பேசாது. அதனால் ஓஸ்மோகாம் தரப்பில் இன்றும் அந்தக் கட்டளைப் பாதையில் கடவுச்சொல் இல்லை. அதை வெளியே காட்டாமல் வைப்பதுதான் பாதுகாப்பு. வீட்டுக்குள் இருக்கும் அறைக் கதவுக்குப் பூட்டு இல்லாவிட்டாலும் வாசல் கதவு பூட்டியிருந்தால் போதும் என்ற கணக்கு. கணக்கு சரிதான், வாசலை யாரும் மறந்து திறந்து வைக்காத வரை.

சுருக்கமாகச் சொன்னால், கவனக்குறைவால் வந்த பக்கை ஒரு மதியத்தில் சரி செய்யலாம். நம்பிக்கையின் மேல் கட்டிய வடிவமைப்பைச் சரி செய்ய ஆண்டுகள் பிடிக்கும்.

இதுக்கும் காரில் போற போலி டவருக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். எஸ்எம்எஸ் மோசடிக்கும்பல்கள் 2016இல் பிடிபட்ட இந்த ஓட்டைகளைப் பயன்படுத்தவில்லை. அவர்கள் பயன்படுத்துவது இதே குணமுள்ள, இதைவிடப் பழைய, பல மடங்கு பெரிய ஓட்டையை. அது இருப்பது 2ஜி தரத்திலேயே.

2ஜி வடிவமைக்கப்பட்டது 1980களில். முதல் வர்த்தகச் சேவை 1991இல் பின்லாந்தில் தொடங்கியது. அந்தத் தரத்தில் உங்க சிம் கார்டு, 'நான்தான் உண்மையான வாடிக்கையாளர்' என்று டவருக்கு நிரூபிக்க வேண்டும். டவர், தான் உண்மையான டவர் என்று உங்களுக்கு நிரூபிக்க வேண்டியதில்லை. அப்போது ஒரு பேஸ் ஸ்டேஷன் அவ்வளவு விலை. யார் போய்ப் போலி டவர் கட்டப் போகிறார்கள்?

'இந்தப் பாதையில் என் ஆள் மட்டும்தான் பேசுவார்' என்ற அதே நினைப்பு. 5701 போர்ட்டில் இருந்தது சிறிய அளவில். இங்கே உலக அளவில்.

3ஜியிலிருந்து இரு பக்கமும் ஒருவரை ஒருவர் சரிபார்க்கும் முறை வந்துவிட்டது. அதனால் மோசடிக் கருவிகள் ஒரு தந்திரம் செய்கின்றன. 4ஜி டவர் போல் நடித்து உங்க கைப்பேசியைத் தன் பக்கம் இழுக்கும். பிறகு '2ஜிக்கு இறங்கு' என்று தள்ளிவிடும். 2ஜிக்கு வந்ததும் எந்தப் பெயரிலும் எஸ்எம்எஸ் அனுப்பலாம். சில நொடிகளில் உங்களை விட்டுவிடும். நீங்க மறுபடி உண்மையான நெட்வொர்க்கில். நடந்தது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

2024இல் லண்டனில் இப்படி ஒரு கருவி தொடர்பாகக் கைது நடவடிக்கை நடந்தது. அதே ஆண்டு நவம்பரில் பாங்காக்கின் சுகும்வித் பகுதியில் வேனில் கருவியோடு சுற்றியவர் பிடிபட்டார். மலேசியாவிலும் காரில் போலி டவர் வைத்துச் சுற்றியவர்களைப் போலீஸ் கைது செய்திருக்கிறது. நெரிசலான இடங்கள்தான் இவர்களுக்கு லாபம். மாலை நேர லிட்டில் இந்தியாவையோ தைப்பூசத்தன்று தண்ணீர்மலைச் சாலையையோ நினைத்துப் பாருங்கள். ஒரே தெருவில் எத்தனை கைப்பேசி!

மலேசியாவில் 3ஜி 2021 முடிவோடு மூடப்பட்டது. அப்போது 2ஜியை விட்டுவைத்தார்கள். பழைய பட்டன் கைப்பேசி வைத்திருக்கும் தாத்தா பாட்டிகளுக்கு அது தேவை. சிங்கப்பூர் 2017 ஏப்ரலிலேயே 2ஜியை மூடியது. ஆனா இதை மட்டும் மறக்காதீங்க: நாட்டில் 2ஜி மூடினாலும் உங்க கைப்பேசி 2ஜி பேசத் தெரிந்ததாகவே இருக்கும். போலி டவருக்கு அது போதும்.

அப்போ ஓப்பன் சோர்ஸ்தான் குற்றவாளியா?

நியாயமான கேள்வி. டவர் எப்படிக் கட்டுவது என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தால் கெட்டவனும் படிப்பான்தானே? ஆமாம், படிப்பான். இதை மறைக்கத் தேவையில்லை.

மறுபக்கத்தையும் பாருங்கள். 2ஜி ஒருதலையாகச் சரிபார்க்கிறது என்பது தரத்திலேயே எழுதப்பட்ட விஷயம். மென்பொருளை மூடி வைத்தால் அந்த ஓட்டை மறையாது. மூடிய மென்பொருளில் பக் இல்லை என்பதும் உண்மையல்ல. 2013இல் அமெரிக்காவில் ஆய்வாளர்கள், வெரைசன் நிறுவனம் வீடுகளுக்கு வழங்கிய சிறிய பேஸ் ஸ்டேஷன் ஒன்றைத் திறந்து, அதன் வழியே மற்றவர்களின் அழைப்புகளையும் எஸ்எம்எஸ்களையும் பிடித்துக் காட்டினார்கள். அது ஓப்பன் சோர்ஸ் அல்ல.

வித்தியாசம் இதுதான். திறந்த நிரலில் 100க்கும் 1,500க்கும் உள்ள இடைவெளியை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். மூடிய நிரலில் தயாரிப்பாளர் சொன்னால்தான் உண்டு.

ஆனால் திறந்திருப்பது மட்டும் போதாது. படிக்க ஆள் வேண்டும். அந்த 100 பைட் வரி ஆண்டுக்கணக்கில் எல்லார் கண்ணுக்கும் முன்னால்தான் இருந்தது. திருத்தம் வந்த பிறகும், எங்கோ ஒரு மலையில் ஓடும் பெட்டியில் யாராவது அதை ஏற்ற வேண்டும். ஓபன்பிடிஎஸ்ஸுக்குப் பல ஆண்டுகளாகப் பெரிய புதுப்பிப்பே இல்லை. அதை இன்னும் ஓட்டுபவர் தன் வாசலைத் தானே பூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

பினாங்குக்காரங்களுக்கு இதுல என்ன?

நிறைய இருக்கு. 1972இல் இன்டெல் வந்ததிலிருந்து பாயான் லெப்பாஸ் நாட்டின் மின்னணுத் தலைநகர் மாதிரி. ரேடியோவும் இங்கே புதிதல்ல. வாக்கி டாக்கி செய்யும் மோட்டோரோலா சொல்யூஷன்ஸ் இங்கே இருக்கிறது. நெட்வொர்க் கருவிகளைச் சோதிக்கும் சாதனங்களைச் செய்யும் கீசைட் இங்கே இருக்கிறது. பத்து மவுங்கில் ஆலை அமைத்த நேஷனல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ்தான் 2010இல் எட்டஸ் ரிசர்ச்சை வாங்கியது. ஓபன்பிடிஎஸ் ஆரம்ப நாட்களில் ஓடியது எட்டஸின் ரேடியோ பெட்டிகளில்தான்.

அதாவது, வன்பொருள் அறிவு ஏற்கெனவே தீவில் இருக்கிறது. குறைவாக இருப்பது இந்த நிரலைத் திறந்து படிக்கும் பழக்கம். பாலிடெக்னிக்கிலோ யுஎஸ்எம்மிலோ பொறியியல் படிக்கும் ஒருவருக்கு இது அருமையான களம். ஓஸ்மோகாமில் வரும் ஒவ்வொரு திருத்தமும் பொதுவில் மதிப்பாய்வு செய்யப்படுகிறது. புதியவர் அனுப்பும் ஐந்து வரித் திருத்தத்துக்கும் அதே வழிதான்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. ரேடியோ பெட்டியை வாங்கி வீட்டு மொட்டை மாடியில் டவர் ஓட்டிப் பார்க்கலாம்னு கிளம்பிடாதீங்க. அனுமதி இல்லாமல் அந்த அலைவரிசையில் ஒலிபரப்புவது 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டப்படி குற்றம். பக்கத்து வீட்டுக்காரர் அவசரத்துக்கு 999 அழைக்கும்போது உங்க பெட்டி குறுக்கே நின்றால் என்ன ஆகும்?

அதற்கு ரேடியோவே தேவையில்லை என்பதுதான் நல்ல செய்தி. ஓஸ்மோகாம் குடும்பத்தில் ஃபேக் டிஆர்எக்ஸ் என்ற கருவி இருக்கிறது. இது கணினிக்குள்ளேயே ஒரு கற்பனை டிரான்ஸீவராக நடிக்கும். ஒரு சொட்டு அலையும் வெளியே போகாது. கட்டளை எப்படிப் போகிறது, தப்பான கட்டளை வந்தால் என்ன ஆகிறது என்று மடிக்கணினியிலேயே சோதிக்கலாம்.

நீங்க இப்பவே செய்யக்கூடியது

ஆண்ட்ராய்டு கைப்பேசி இருந்தால் நெட்வொர்க் அமைப்புகளில், சிம் பகுதிக்குள் '2ஜியை அனுமதி' என்ற பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் இந்த வசதி உண்டு. ஆனால் எல்லா மாடலிலும் இருக்காது. இருந்தால் அணைத்துவிடுங்கள். அவசர அழைப்புக்கு மட்டும் கைப்பேசி 2ஜியைப் பயன்படுத்தும். 2ஜி மட்டுமே கிடைக்கும் ஊருக்குப் போனால் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

ஐஃபோனில் தனிப் பொத்தான் இல்லை. ஐஓஎஸ் 17 முதல் லாக்டவுன் மோட் போட்டால் 2ஜி அணையும். கூடவே வேறு பல வசதிகளும் முடங்கும் என்பதால் எல்லாருக்கும் ஒத்துவராது.

சிக்னல் சட்டென்று 4ஜியிலிருந்து 2ஜிக்கு இறங்கி, அந்த நேரம் பார்த்து இணைப்போடு ஓர் எஸ்எம்எஸ் வந்தால் சந்தேகப்படுங்கள். அனுப்பியவர் பெயரை ஆதாரமாக எடுத்துக்கொள்ளவே வேண்டாம். புள்ளிகளைப் பார்க்கணும்னா நிறுவனத்தின் செயலியை நீங்களே திறந்து பாருங்கள்.

ஏற்கெனவே தட்டிவிட்டு, வங்கி விவரமும் கொடுத்துவிட்டீர்களா? வெட்கப்பட்டு யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணை உடனே அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் அதை முடக்கும் வாய்ப்பு முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம்.

வீட்டில் அம்மா அப்பா, தாத்தா பாட்டி கைப்பேசியிலும் அந்த 2ஜி பொத்தானைப் பார்த்துவிடுங்கள். 'யார் நீ?' என்று கேட்காமலேயே கைப்பேசி கதவைத் திறந்தால், அவர்களாவது கேட்கும்படி சொல்லிக்கொடுக்கலாம்.